ஒரு அடி மண்ணு

அங்கேயே நில்லுங்க தம்பி. ஒரு நிமிஷம். அந்தத் தொட்டியில பிளீச்சிங் தண்ணி இருக்கு பாருங்க, அதுல காலை நனைச்சிட்டு வாங்க. செருப்போடவே இறங்குங்க, பரவாயில்ல. இன்னொரு காலு. ஆங், இப்ப வாங்க.

கோவிச்சுக்காதீங்க. போன்லயே சொல்லியிருக்கணும். உள்ள ஒரு செடிகூட இல்லையே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்னு நினைக்கிறீங்க. உங்க முகத்துலயே தெரியுது. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. பழகிப்போச்சு.

பைப்பு நல்ல பைப்பு. துரு கிடையாது. மேல பிளாஸ்டிக் ஷீட்டு மட்டும் கிழிஞ்சிருக்கு, அதை நீங்க புதுசா போட்டுக்கணும். இந்தப் பாலிஹவுஸை அப்படியே கழட்டி உங்க நிலத்துல நிறுத்தப்போறீங்க. நல்லது. ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லாம குடுக்க எனக்கு மனசு வரல. பைப்போட அடியில மண்ணு ஒட்டியிருக்கும். அது உங்களோட வந்துடுச்சுன்னா? அதான் பயம். அந்தச் சேர்ல உட்காருங்க. தரையில வேணாம்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி, ஓசூர்கிட்ட இந்தத் தளி பக்கத்துல எல்லாரும் பாலிஹவுஸ் போட்டுட்டு இருந்தாங்க. சிலர் ரோஜா, சிலர் குடமிளகா. நான் ஜெர்பரா போட்டேன். கல்யாண மண்டபத்துல மேடைக்குப் பின்னாடி பெருசு பெருசா வட்டமா மஞ்சளும் சிவப்புமா பூ வைப்பாங்களே, அதான். இந்த இடத்துலதான் எங்கப்பா காலத்துல மாட்டுக் கொட்டா இருந்துச்சு. அந்த மண்ணையே கிளறி பாத்தி போட்டோம். நானும் என் வீட்டுக்காரி சாகம்மாவும் வேலைக்கு வர்ற பொம்பளைங்களும். ஒரு மருந்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. பூ வந்துச்சு பாருங்க, காம்பு ஒவ்வொண்ணும் என் முழங்கை நீளம். பெங்களூர் வண்டிக்காரன் வந்து நின்னு வாங்கிட்டுப் போவான். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. மண்ணுன்னா மண்ணுன்னு நினைச்சுட்டு இருந்தேன். வெறுங்கால்ல நடப்பேன். சாகம்மா அதே கையால கட்டுச்சோத்தைப் பிரிச்சு வச்சா சாப்பிடுவேன். எப்படித்தான் சாப்பிட்டேனோ.

அடைமழை மாசத்துல ஒரு நாள், நல்ல மதியம், நடுப்பாத்தியில ஒரு செடி மட்டும் தலை தொங்கி நின்னுச்சு. தண்ணி பத்தலயோன்னு ஊத்தினேன். மறுநாளும் தொங்குச்சு. என்னடா இதுன்னு பிடிச்சு லேசா இழுத்தேன். கையோட வந்துடுச்சு. வேரு வரல. செடி மட்டும் வந்துச்சு. அடியில கருப்பா, வழவழன்னு, ஒரு மாதிரி நாத்தம்.

ஒரு செடிதானேங்கன்னு சாகம்மா சொன்னா. பிடுங்கி வெளிய போடுங்க, அந்த இடத்துல கொஞ்சம் தொழுவுரம் போடலாம்னா. அவளுக்கு எல்லாமே லேசு. நான் அந்தச் செடியைப் பையில சுத்திக்கிட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் பாத்துட்டு, மண்ணுல இருந்து வர்ற பூஞ்சைங்க, விட்டா மொத்தமும் போயிடும்னான். மொத்தமும் போயிடும். அந்த வார்த்தை காதுலயே இருந்துச்சு. மருந்து வாங்கியாந்து ஊத்தினேன். பக்கத்துப் பாத்தியில இன்னொண்ணு தொங்குச்சு. இன்னும் ஊத்தினேன்.

அப்புறம்தான் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஜெபசீலி மேடம்னு ஒருத்தர் இருக்காங்க, மண்ணைப் பாத்துச் சொல்வாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். போயிருக்கக் கூடாது தம்பி. தங்கமான அம்மா, குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க போகாம இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்.

அவங்க என் பாத்தி மண்ணுல ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணியில கலக்கி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்புல வச்சாங்க. வந்து பாருங்கண்ணேன்னாங்க. குனிஞ்சு பாத்தேன்.

அசையுது தம்பி. எல்லாம் அசையுது. பொடிப் பொடியா புள்ளி, நடுங்கிக்கிட்டே இருக்கு. அதுக்கு நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு புழு, வளைஞ்சு வளைஞ்சு போகுது. நூல் மாதிரி ஏதோ கிளை விட்டு ஓடுது. ஒரு உருண்டை வந்துச்சு, பக்கத்துல இருந்த புள்ளியை முழுங்கிட்டுப் போச்சு. நான் கண்ணால பாத்தேன். ஒரு சொட்டுல! நான் அதுலதானே நாளெல்லாம் நிக்கிறேன்?

மேடம் பேசிக்கிட்டே இருந்தாங்க. "பயப்படாதீங்கண்ணே. இதுல கெட்டது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். மத்ததெல்லாம் உங்க செடிக்கு வேலை செய்யுது. இந்த நூலு வேரைச் சுத்தி இருந்துகிட்டு, வேரு எட்டாத இடத்துல இருந்தெல்லாம் தண்ணியும் சத்தும் இழுத்துக் குடுக்குது. செடியும் அதுக்குச் சாப்பாடு குடுக்குது. ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்கோங்க. எல்லா சீட்டுலயும் ஆளு உட்கார்ந்திருந்தா, புதுசா ஏறுற திருடன் எங்க உட்காருவான்? நிக்கக்கூட இடம் இருக்காது, இறங்கிடுவான். உங்க மண்ணு நல்ல மண்ணு. மருந்தைக் குறைங்க, பாத்தியில தண்ணி தேங்காம பாத்துக்கோங்க, தொழுவுரம் போடுங்க."

நல்லாத்தான் சொன்னாங்க. எனக்கு அந்த பஸ்ஸுதான் கண்ணுல நின்னுச்சு. அவ்வளவு பேரு உள்ள. அதுல எவன் திருடன்னு யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். சோப்பு போட்டு, சுடுதண்ணி ஊத்தி, மறுபடியும் கழுவினேன். சாகம்மா சோறு போட்டா. அவ நகத்துல மண்ணு. ஓரத்துல கருப்பா கோடு மாதிரி. நாளெல்லாம் பாத்தியில வேலை செய்யுறவ, இருக்கத்தானே செய்யும். இருவது வருஷமா இருந்துச்சு, நான் பாத்ததில்ல. அன்னைக்குப் பாத்தேன். சோறு இறங்கல.

அப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எவன் திருடன்னு தெரியலயா, மொத்த பஸ்ஸையும் காலி பண்ணிடுவோம். கடைக்காரன்தான் வழி சொன்னான். பார்மலின், அதான் பொணம் அழுகாம இருக்க ஊத்துற மருந்து, அதை ஊத்தி, பிளாஸ்டிக் தாளு போட்டு மூடிட்டா ஒண்ணு தப்பாதுங்கன்னான். பூ பூத்துட்டு இருந்த செடியெல்லாம் பிடுங்கினேன். சாகம்மா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. வேலைக்கு வந்த பொம்பளைங்க கண்ணுல தண்ணி ஒழுகும், இருமுவாங்க, வெளிய ஓடுவாங்க. நான் மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் நின்னு ஊத்தினேன்.

தாளை எடுத்தப்போ அந்த மண்ணு எப்படி இருந்துச்சு தெரியுமா? சுத்தம். ஒரு மண்புழு இல்ல, ஒரு எறும்பு இல்ல. மழை பெஞ்சா மண்ணுல ஒரு வாசனை வருமே, தண்ணி தெளிச்சாலும் அது வரல. ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் நல்லா தூங்கினேன்.

புதுக் கன்னு நட்டோம். நல்லாத்தான் வந்துச்சு. முதல் மொட்டு கூட வந்துடுச்சு. அப்புறம் ஒரு நாள் காலையில கதவைத் திறக்குறேன், முதல் பாத்தியில ஒரு வரிசை மொத்தமும் தலை தொங்கி நிக்குது. ஒரு செடி இல்ல தம்பி, ஒரு வரிசை! முன்னாடி அங்கொண்ணு இங்கொண்ணு தொங்கும். இப்ப ஓடுது. காலையில பாத்த இடத்துக்கும் சாயங்காலம் பாத்த இடத்துக்கும் நடுவுல அத்தனையும் சாஞ்சு கிடக்கு. வைக்கோல்ல தீ பிடிச்ச மாதிரி. நான் பாத்திக்கு நடுவுல நிக்கிறேன், ரெண்டு பக்கமும் அது என்னைத் தாண்டிப் போகுது. காலைத் தூக்கி எங்க வைக்கிறதுன்னு தெரியல. அப்படியே நின்னுட்டேன். சாகம்மாதான் வந்து கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தா.

மேடத்துக்குப் போன் பண்ணினேன். என்ன ஊத்தினீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம், "பஸ்ஸைக் காலி பண்ணிட்டீங்களேண்ணே"ன்னாங்க. "தண்ணியிலயோ கன்னுலயோ எங்கயோ இருந்து அவன் ஒருத்தன் ஏறியிருக்கான். தடுக்க ஆளு இல்ல. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வர்றான்"னாங்க.

அவங்க சொன்னதுல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எங்கயோ இருந்து ஏறியிருக்கான். அப்ப வழியை அடைக்கணும். மறுபடியும் பிடுங்கினேன், மறுபடியும் ஊத்தினேன், முன்னைவிட அதிகமா. வாசல்ல இந்தத் தொட்டி கட்டினேன். உள்ள போறதுக்குத் தனித் துணி, தனிச் செருப்பு. வெத்தலை போடக்கூடாது, சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. இந்த ஆளு நம்மளையே மருந்துல முக்கி எடுப்பான்னு பேசிக்கிட்டாங்களாம். போகட்டும். ஆளு குறைஞ்சா காலும் குறையுதுன்னு நினைச்சேன்.

மறுபடியும் கன்னு நட்டேன், மூணாவது தடவையும் வந்துச்சு தம்பி. அதே மாதிரி ஓடுச்சு. ஆனா இந்தத் தடவை ஒரு இடத்துல நின்னுடுச்சு. கடைசிப் பாத்தி, கதவோரம், ஒரு மூலை. சுத்தியும் எல்லாம் சாஞ்சு கிடக்க அந்த மூலையில மட்டும் செடி நிமிர்ந்து நிக்குது. பூவோட. நான் அதையே பாத்துட்டு நிக்கிறேன். சாகம்மா பின்னாடி வந்து நின்னா.

"அந்த மூலையில நான் குழி மண்ணு போட்டேங்க. ரெண்டு கூடை. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல"ன்னா.

குழி மண்ணுன்னா எங்க எருக்குழி மண்ணு. வீட்டுக்குப் பின்னாடி, சாணியும் சாம்பலும் மக்கிக் கிடக்குற இடம். "வாங்க, இன்னும் ஒண்ணு காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனா. குழியோரத்துல, அவரைப் பந்தலுக்குப் பக்கத்துல, ஜெர்பரா வரிசையா நிக்குது. நான் முதல் தடவை பிடுங்கி எறிஞ்ச செடி. அதுல உசிரு ஒட்டிட்டு இருந்ததைப் பொறுக்கியாந்து நட்டிருக்கா. மழையில வெயில்ல நனைஞ்சு காஞ்சு, கூரை இல்லாம, மருந்து இல்லாம நிக்குது. ஒவ்வொண்ணுலயும் பூ. அவ சிரிக்கிறா. எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சிருக்கா.

நோய் வந்த செடி! நான் உள்ள துணி மாத்தி, செருப்பு மாத்தி, காலைக் கழுவிட்டு இருக்கேன், இவ வெளிய அதை வளத்துட்டு இருந்திருக்கா. அதே கையால கூடை தூக்கி உள்ளயும் கொண்டாந்து போட்டிருக்கா. நீங்களே சொல்லுங்க, வேற எப்படி வந்திருக்கும்?

"அப்படின்னா அந்த மூலை மட்டும் எப்படிங்க நின்னுச்சு?"ன்னு கேட்டா.

அதுதான் தம்பி அதோட சூது. தான் குடியிருக்குற வீட்டை அது இடிக்காது. அங்க உட்கார்ந்துகிட்டு மத்ததைத்தான் அழிக்கும். அப்ப எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. இப்பவும் அது இல்லன்னு யாரும் எனக்கு நிரூபிச்சுக் காட்டல. அந்தக் குழி மண்ணுதான் மூலையைக் காப்பாத்துச்சுன்னு மேடம் சொல்றாங்க, நான் இல்லன்னு சொல்லல.

நான் உள்ள போயி பார்மலின் கேனை எடுத்தாந்தேன். குழியோரம் மொத்தமும் ஊத்திடணும், அவரைப் பந்தலோட. அவ கேனைப் பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு. செடிக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டா. "இது என் இடம். உள்ள என்ன வேணா பண்ணுங்க, இங்க வேணாம்"னா. தள்ளுடின்னேன். தள்ளல. கேனோட கழுத்தைப் பிடிச்சா. நானும் விடல. மூடி கழண்டிருந்துச்சு. குறுக்க வந்துட்டா தம்பி, நான் என்ன பண்ணுவேன். அவ மூஞ்சியில தெறிச்சுடுச்சு.

அந்தச் சத்தம். அவ அதுவரைக்கும் அப்படிக் கத்தினதில்ல, பிரசவ வலியிலகூட. ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துட்டா. நான் அவளை இழுத்துட்டுப் போயி குழாயைத் திறந்து மூஞ்சியில தண்ணியைப் பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டே இருந்தேன். கண்ணைத் திற, திறன்னு கத்துறேன், அவளால திறக்க முடியல. எனக்கு அன்னைக்கு வந்த பயத்தைச் சொல்லத் தெரியல. மைக்ராஸ்கோப்புல பாத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

ஓசூர்ல கண்ணாஸ்பத்திரி. நல்ல டாக்டரு. ஒரு கண்ணு தப்பிச்சுது. இன்னொண்ணு வெள்ளை படர்ந்துடுச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு வர்றது தெரியும், யாருன்னு தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து அவ வீட்டுக்கு வரல. அவ தம்பி பைரப்பா வந்து அவன் ஊரு அஞ்செட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். போறப்போ, "அந்த கேன் இருக்குற வீட்டுக்கு அக்கா வராது மாமா"ன்னான்.

கேனெல்லாம் அன்னைக்கே தூக்கிப் போட்டேன். கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். ஆனா மண்ணு இருக்குல்ல? கேன் இல்லாம நான் அந்த மண்ணோட தனியா இருந்தேன் தம்பி. மேடம் வீட்டுக்கே வந்துட்டாங்க ஒரு நாள். அவங்க அப்படி வரணும்னு ஒண்ணும் இல்ல. "அந்தம்மா செஞ்சதுதான் சரிண்ணே. குழி மண்ணைக் கொண்டாந்து எல்லாப் பாத்தியிலயும் கலந்து விடுங்க. மெதுவா மண்ணுக்கு உசிரு வந்துடும்"னாங்க. சரின்னேன். அவங்க போனதும் கூடையை எடுத்துட்டுக் குழிக்குப் போனேன். மம்புட்டியால ஒரு வெட்டு வெட்டினேன். கருப்பா, பொலபொலன்னு, உள்ள இருந்து என்னென்னவோ ஓடுது. மம்புட்டியைப் போட்டுட்டு வந்துட்டேன். முடியல. அதுக்கப்புறம்தான் பாலிஹவுஸை வித்துடலாம்னு முடிவு பண்ணினேன்.

போன மாசம் அஞ்செட்டிக்குப் போனேன். அவளைப் பாக்கத்தான். பைரப்பா வீட்டுக்குப் பக்கத்துல சும்மா கிடந்த துண்டு நிலத்துல ஜெர்பரா போட்டிருக்கா. பச்சை வலை ஒண்ணு மேல கட்டியிருக்கு, அவ்வளவுதான். குழிச் செடியில இருந்து பிரிச்சுக் கொண்டு போயிருக்கா போல. நின்னு குனிஞ்சு, நல்லா இருக்குற கண்ணைப் பக்கத்துல கொண்டுபோயி ஒவ்வொரு செடியா பாத்துட்டு இருந்தா. என் சத்தம் கேட்டு நிமிர்ந்தா. "இளைச்சுட்டீங்க"ன்னா.

உள்ள கூட்டிட்டுப் போயி தட்டு வச்சா. களி உருண்டை, அவரைக்காய் குழம்பு. காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. பசி தம்பி, கண்ணை இருட்டுற மாதிரி பசி. அவ கையைக் கழுவிட்டுத்தான் போட்டா, நான் பாத்தேன். ஆனா அந்த நகம். அந்தக் கருப்புக் கோடு. கையைத் தட்டுல வச்சேன், வாய்க்குப் போகல. வச்ச இடத்துலயே இருக்கு.

அவ பாத்துட்டா. ஒரு கண்ணுதான், ஆனா பாத்துட்டா. நான் எதைப் பாக்குறேன்னும் பாத்துட்டா. தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் பஸ் ஏறி வந்துட்டேன்.

வந்து ஒரு யோசனை பண்ணினேன். வீட்டைச் சுத்தி மொத்தமும் சிமெண்ட் போட்டுடறது. முன்வாசல், பின்வாசல், எருக்குழி, எல்லாம். மண்ணே கண்ணுல படாத வீடு. நான் எதுக்கும் பயப்பட வேண்டியதில்ல, அவ கையிலயும் ஒட்டாது, ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம். பைரப்பாகிட்ட போன்ல சொன்னேன், அக்காகிட்ட கேளுன்னு. ஒரு பத்து நாள் பதிலே இல்ல. அப்புறம் அவனே போன் பண்ணினான். "செடி வைக்க ஒரு அடி விட்டுட்டுப் போடச் சொல்லுது மாமா. அப்ப வர்றேங்குது."

ஒரு அடி. அவளுக்கு அது ஒரு அடிதான். நான் அந்தச் சொட்டுக்குள்ள பாத்தவன் தம்பி. ஒரு அடி மண்ணுல எவ்வளவு இருக்கும்னு நான் கணக்குப் போட்டேன், போடாம இருக்க முடியல.

முந்தாநாள் கொத்தனார் வந்தான். பின்வாசல்ல நின்னு, சுவத்தோட ஒட்டிப் போட்டுடலாமாங்கன்னான். ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரல. அவ குழாயடியில உட்கார்ந்து கத்தினது காதுல கேட்டுச்சு. "ஒரு அடி விட்டுப் போடுப்பா"ன்னேன். சொல்லிட்டு அங்கேயே செங்கல் மேல உட்கார்ந்துட்டேன். கொத்தனார் தண்ணி கொண்டாந்து குடுத்தான்.

விட்டிருக்கான், அதோ பாருங்க. சுவத்தோரம். நான் இன்னும் பக்கத்துல போகல.

வெள்ளிக்கிழமை வர்றா. வந்தா முதல்ல அங்கதான் போயி உட்காருவா, எனக்குத் தெரியும். ஏதாவது நடுவா. அப்புறம் உள்ள வந்து கையைக் கழுவிட்டு எனக்குத் தட்டு வைப்பா. பயமா இருக்கு தம்பி. உங்களை எனக்கு முன்னப்பின்ன தெரியாது, இருந்தாலும் கேக்குறேன். ஒரு வாய்தானே? சாப்பிட்டுடுவேன்ல?